ஆல் தி பெஸ்ட்டுக்குத் தமிழ்ல என்னங்க?

ஏனுங் தம்பி, இந்த வண்டி பத்து மணிக்குள்ள கணபதி போயிருமுங்களா? போயிருமா? சரி சரி. நீங்க தினமும் வர்றவராட்ட இருக்குது, அதான் கேட்டேன். நானும் தினமும் வர்றவன்தான். இதுக்கு முந்தின வண்டில வந்துருவேன். இன்னிக்கு அதை உட்டுட்டேன். உட்டுட்டேன்னா, அன்னூர் ஸ்டாண்டுல நின்னு பாத்துக்கிட்டே உட்டுட்டேன். கால் ஏற மாட்டேன்னுருச்சு.

பை மடியிலயே இருக்கட்டுங்க. மேல வேண்டாம். கம்பெனி லேப்டாப்பு உள்ள இருக்குது.

உங்க கழுத்துல டேக் தொங்குது, நீங்களும் கம்பெனி ஆளுதான். உங்ககிட்டச் சொன்னா புரியும். நேத்து சாயங்காலம் எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு போன். "சென்னியப்பன், நாளைக்குப் பத்து மணிக்கு ருச்சா கூட மீட்டிங். லேப்டாப்பும் ஐ.டி. கார்டும் மறக்காம கொண்டு வந்துருங்க." அவ்வளவுதான். வெச்சுட்டாங்க. தினமும் கொண்டு போறவன்கிட்ட எதுக்குங்க 'கொண்டு வா'ன்னு தனியாச் சொல்லணும்? அந்தப் பேச்சு என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆள வேலைய உட்டு எடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி அப்படித்தான் சொல்லணும்னு பழக்கம் பண்ணுனதே நான்தான். நான் ஹெச்.ஆருங்க. போன வருசம் பூராவும் அதே வார்த்தைய நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்.

ஆனா எனக்குச் சொன்னது அதுக்கா இருக்காதுங்க. கம்ப்யூட்டர்ல என்னமோ சாஃப்ட்வேர் மாத்தறாங்கன்னு ஒரு பேச்சு. கார்டும் புதுசு அடிக்கறாங்களாம். அதுக்காத்தான் இருக்கும். இருக்குமல்லங்க?

ஊட்டுல ஒண்ணும் சொல்லல. அவ பின்னால பொடக்காலில துணி தொவச்சுட்டு இருந்தா. தினமும் செருப்பு போடறப்ப "வர்றேன் பூங்கொடி"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். அவ எங்க இருந்தாலும் "போயிட்டு வாங்க"ன்னு சொல்லிருவா. இன்னிக்குச் சத்தம் குடுத்திருந்தா கொரலக் கேட்டே கண்டுபுடிச்சிருப்பா. சத்தமில்லாம கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

எங்க கம்பெனி அருள்ஜோதி பம்ப்ஸ். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, இப்ப பேரு வேற. நான் டைம் ஆபீஸ் கிளார்க்கா சேந்தேன். பெரிய முதலாளி இருந்தாரு, அவருக்குக் கையக் கட்டிட்டு நின்னாப் புடிக்கும். நின்னேன். அப்புறம் அவரு பையன் வந்தாரு, அமெரிக்கா போயிட்டு வந்தவரு, கையக் கட்டுனாப் புடிக்காது, சிரிக்கோணும். சிரிச்சேன். என்னைய பெர்சனெல் ஆபீசர் ஆக்குனாரு, பொறகு ஹெச்.ஆர்.னு மாத்துனாரு. இப்ப பூனாக்காரங்க வாங்கிட்டாங்க. இப்ப நான் 'பீப்பிள் பார்ட்னர்'. சிரிக்காதீங்க தம்பி, கார்டுல அப்படித்தான் போட்டிருக்குது. ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும். எங்கூட சேந்தவன் ஒருத்தன்கூட இன்னிக்கு அங்க இல்லீங்க. நான் இருக்கேன். எப்படி? ஒருத்தர் மனசு நோகறாப்புல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 'முடியாது'ங்கற வார்த்தை என்ற வாயில வந்ததே இல்ல. லீவு கேட்டா பாக்கலாங்க. சம்பளம் ஏத்தக் கேட்டா பாக்கலாங்க. பாக்கலாம்னா என்னன்னு கேக்கறவனுக்கும் தெரியும், சொல்றவனுக்கும் தெரியும். யாருக்கும் பொல்லாப்பு இல்ல.

பூனாக்காரங்க வந்ததும் மொதச் சட்டம், யாரும் யாரையும் சார், மேடம்னு கூப்பிடப்படாது. பேரச் சொல்லித்தான் கூப்பிடோணும். எங்க மேலாளரு ஒரு பொண்ணு, ருச்சான்னு பேரு. என்ற மகளவிடச் சின்னது. அதப் போயி வெறும் பேரு சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்புமுங்களா? 'ருச்சாங்க'ன்னேன். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு கேக்குது, "சென்னியப்பன், யாரு இந்த ருச்சாங்கா?"ன்னு. ஆபீஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

இது கோவில்பாளையமுங்களா? இங்க ஏன் இத்தன நேரம் போட்டிருக்கான்? யோவ் டிரைவரு, ஆளுதான் ஏறியாச்சல்ல, எடுய்யா!

பதட்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தண்ணி வேண்டாம். கேளுங்க.

ரெசிலியன்ஸ்னு ஒண்ணு, தெரியுமல்ல உங்களுக்கு? உங்க கம்பெனிலயும் கிளாஸ் எடுத்திருப்பாங்க. காலம் மாறுது, வேலை மாறுது, உளுந்தா எந்திரிக்கோணும், புதுசாக் கத்துக்கோணும், ஒரே வேலையக் கட்டிட்டு அழுகப்படாது. பூனால இருந்து படமெல்லாம் போட்டு அனுப்புவாங்க, நான்தான் அதத் தமிழ்ல சொல்லி கிளாஸ் எடுப்பேன். பேப்பர்ல 'மீள்திறன்'னு போட்டிருந்தான், அந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டேன். நல்லா எடுப்பேனுங்க. பம்புக்குள்ள இருக்கற வாஷரக் காட்டுவேன். "இத அமுக்குனா அமுங்குது, உட்டா எந்திரிக்குது, நீங்களும் இப்படி இருக்கோணும்"பேன். கை தட்டுவாங்க.

அந்தக் கிளாஸ்லதான் அந்த அம்மிணி எந்திரிச்சுக் கேட்டுது. மரகதமணின்னு பேரு. டெஸ்பாட்ச்ல இருந்துது. எந்தப் பம்பு எந்த ஊருக்குப் போகுது, லாரி எங்க நிக்குதுன்னு நாள் பூராவும் போன்ல கெடக்கும். வடக்க டீலருங்ககூடவெல்லாம் ஒரு இந்தி பேசும் பாருங்க, பாதி இந்தி, பாதி கோயமுத்தூரு. அது கேட்டுது, "சார், அமுக்கறது யாருங்க சார்?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துது. "பாக்கலாம் அம்மிணி"ன்னேன்.

அதுக்கு அடுத்த வாரம் என்ற டேபிளுக்கு வந்துது. "சார், பெருந்துறைல எங்க மாமன் மகன் டைல்ஸ் கடை வெச்சிருக்கான், கணக்குப் பாக்க ஆளு வேணும்னு கூப்பிடறான். இங்க புது சாஃப்ட்வேர் வருது, டெஸ்பாட்ச்ல ஆளுக வேண்டியதில்லன்னு பேசிக்கறாங்க. நெசங்களா சார்? நான் போயிரட்டுங்களா?" அப்படின்னு கேட்டுது.

எனக்குத் தெரியாம இருக்குமுங்களா? தெரியும். வேலைய உட்டு எடுக்கற லிஸ்ட்ல அது பேரு பூனால இருந்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா யாருகிட்டயும் மூச்சு உடப்படாதுன்னு உத்தரவு. ஒருத்தி கெளம்புனா ஒம்பது பேரு கெளம்புவாங்க, லோடு நின்னு போயிரும். நான் என்ன பண்ணட்டும்? "என்ன அவசரம் அம்மிணி, இரு, பாக்கலாம்"னேன். பொய் சொல்லலீங்க. பாருங்க, நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதுங்களா? இல்லயல்ல. பாக்கலாம்னுதான் சொன்னேன். அதுக்குப் புரிஞ்சிருக்கோணும். அது சந்தோசமாப் போயி மாமன் மகன்கிட்ட வர்லைன்னு சொல்லிருச்சு. நானா சொல்லச் சொன்னேன்?

மணி என்னங்க? ஒம்பதேகாலா? சரி.

அந்த நாளு வந்துது. ருச்சாங்க பூனால இருக்கு, டிவில மூஞ்சி தெரியுது. ரூமுக்குள்ள மரகதமணியும் நானும். அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல சொல்லும், நான் தமிழ்ல சொல்லோணும். அது என்னமோ "யுவர் ரோல்" அப்படி இப்படின்னு நீட்டமாச் சொல்லுச்சு. உங்க வேலையே இனி இந்தக் கம்பெனில இல்ல, இன்னியோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். இத எப்படிங்க ஒரு பொம்பள மூஞ்சிக்கு நேராச் சொல்றது? கண்ணு ரெண்டும் என்னையே பாக்குது. நான் சொன்னேன், "இப்போதைக்கு வேலை இல்லைங்கறாங்க அம்மிணி."

இப்போதைக்கு. ஒரே ஒரு வார்த்தைங்க. காயத்து மேல மருந்து வெக்கறாப்புலதான் வெச்சேன்.

கடைசியா ருச்சாங்க சிரிச்சுட்டு, "ஆல் தி பெஸ்ட்"னுது. அதுக்குத் தமிழ்ல என்னங்க? நீங்க சொல்லுங்க, உங்க ஊட்டுல இருந்து ஒருத்தர் கெளம்பறாங்க, என்ன சொல்வீங்க? போங்கன்னா சொல்வோம்? நாயத்தான் போன்னு முடுக்குவோம். "நல்லபடியாப் போயிட்டு வாங்க அம்மிணி"ன்னேன். அது எந்திரிச்சு, "வர்றனுங்க சார்"னுது. கழுத்துல கார்டு கெடந்துது. வாங்கோணும். கைய நீட்டிக் கழட்டி வாங்க மனசு வர்ல. "இருக்கட்டும் அம்மிணி"ன்னுட்டேன். கண்ணத் தொடச்சுட்டுப் போச்சு. அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்குனேன், ஒரு காரியத்த நோகாம முடிச்சோம்னு.

திங்கக்கெழமை காலைல நான் உள்ள நொழையறேன், வாசல் சோபால உக்காந்திருக்குது! தூக்குப்போசி, கொடை, கழுத்துல கார்டு. வாட்ச்மேன் என்னைய முழிச்சு முழிச்சுப் பாக்கறான். "சார்தான் போயிட்டு வரச் சொன்னாரு"ன்னுதாம் அவன்கிட்ட.

அட கெரகமே! நானா சொன்னேன்? சொன்னேன். ஆனா அப்படியா சொன்னேன்?

என்ன சொல்லச் சொல்றீங்க? நேராப் போயிச் சொல்லிருக்கலாம்னு நீங்க நெனைக்கறீங்க, தெரியுது. சின்ன வயசு, அப்படித்தான் தோணும். நான் போனேனுங்க கிட்டக்க. அது எந்திரிச்சு நின்னு, "சார், ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டுது. மூஞ்சில அப்படியொரு நம்பிக்கை. "ருச்சாங்க ஊர்ல இல்ல அம்மிணி, பாக்கலாம்"னுட்டு வந்துட்டேன். அடுத்த நாளும் வந்துது. அதுக்கடுத்த நாளும். நான் பின்கேட்டு வழியா, கேஸ்டிங் மண்ணு கொட்டற பக்கமாப் போக ஆரம்பிச்சேன். பேன்ட்டெல்லாம் கரி. பூங்கொடி கேக்கறா, ஆபீஸ் வேலைக்குப் போறீங்களா அடுப்பள்ளப் போறீங்களான்னு. ஒரு பொம்பளயினால என்ற ஆபீஸுக்கு நானே திருட்டுத்தனமா நொழையற மாதர ஆயிப்போச்சு. எனக்கு எம்புட்டு வெசனமா இருக்கும்? அத யாரு கேட்டா?

அதுக்குப் புரியாம இல்லீங்க. பொம்பளைக்குப் புரியாதுங்களா? காதுல உளுந்த ஒரு நல்ல வார்த்தையக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். அப்புறம் உட மனசில்ல.

போன மாசம் ருச்சாங்க நேர்ல வந்துது. யாருகிட்டயும் சொல்லாம வந்து நிக்குது. வந்த பொண்ணு நேரா மாடிக்கு வரப்படாதா? சோபால உக்காந்திருக்கற அம்மிணியப் பாத்து நின்னுருச்சு. நான் மேல கண்ணாடிக்குப் பின்னால நிக்கறேன். ரெண்டும் பேசுது. இந்தில. நடுவுல நான் இல்ல, பாத்துக்கோங்க. இத்தன நாளு எனக்கு வராத விசயம், மரகதமணியோட அந்த ஓட்டை இந்தில நிமிசத்துல முடிஞ்சு போச்சு. ருச்சாங்க அது கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுது. அது தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் அம்மிணி மாடிப்படி ஏறி வருது. நான் ஓடிப்போயி என்ற சீட்டுல உக்காந்துக்கிட்டேன் தம்பி.

என்ற டேபிள் முன்னால நின்னு கார்டக் கழட்டி வெச்சுது. "சார், முடியாதுன்னு ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லிருந்தீங்கன்னா, நான் மாமன் மகன் கடைக்குப் போயிருப்பனே சார். இப்ப அங்க வேற ஆள வெச்சுட்டாங்க. இந்த சோபால உக்காந்து உக்காந்து என்ற மானமே போச்சு. என்னைய வெச்சு எதுக்கு சார் வெளையாடுனீங்க?"ன்னுது.

"உன்ற மனசு நோகப்படாதுன்னு"ன்னு ஆரம்பிச்சேன்.

"என்ற மனசு இல்ல சார். உங்க மனசு நோகப்படாதுன்னு"ன்னுது. அப்புறம் சொல்லுச்சு பாருங்க, ஆபீஸே கேக்கறாப்புல, "போறனுங்க சார்."

போறனுங்க. வர்றனுங்க இல்ல. போறனுங்க.

எழவு ஊட்டுலதானுங்க சொல்லாமக் கெளம்புவாங்க. அங்ககூட 'போறேன்'னு யாரும் சொல்ல மாட்டாங்க, சும்மா எந்திரிச்சு வந்துருவாங்க. என்ற சர்வீஸ்ல ஒருத்தர் வாயில இருந்து அந்த வார்த்தையக் கேட்டதில்ல. நல்லதுக்குக் காலமில்லைங்க. என்ன பாவம் பண்ணுனேன், நல்ல வார்த்தை நாலு சொன்னேன், அதுக்குப் போயி இப்படியொரு சாபமா?

பொறகு ருச்சாங்க என்னையக் கூப்புட்டுது. "சென்னியப்பன், அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன், "ஆல் தி பெஸ்ட்டுக்குத் தமிழ்ல அதுதானுங்க ருச்சாங்க"ன்னு. போயிட்டு வான்னு சொன்னா வரோணும்னு அர்த்தமில்ல, ஆனா வராம இருக்கோணும்னும் அர்த்தமில்லன்னு வெளக்குனேன். வெளக்க வெளக்க எனக்கே கொழம்பிருச்சு. அந்தப் பொண்ணு லேப்டாப்ப மூடிட்டு, "லெட் அஸ் சீ"ன்னுது.

தம்பி, நீங்க படிச்சவரு, வெளியூரு ஆளுங்ககூடப் பழகறவரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவுங்க ஊர்ல 'லெட் அஸ் சீ'ன்னா நெசமாலுமே பாக்கறதுங்களா? இல்ல, நம்ம 'பாக்கலாம்'தானுங்களா?

தெரியாதா. சரி உடுங்க.

சரவணம்பட்டி வந்துருச்சு. பாருங்க எத்தன கம்பெனி. ஒண்ணொண்ணும் கண்ணாடிக் கட்டடம். இதுக்குள்ள எதுலயாச்சும் ஒரு சென்னியப்பனுக்கு எடம் இருக்காதுங்களா? அதோ அந்த ஆஸ்பத்திரி தெரியுதல்ல, வெள்ளக் கட்டடம், அங்கதான் மரகதமணி இப்ப இருக்குது. ஆமாங்க! வடக்கத்தி ஆளுங்க வேலைக்கு வந்து ஏகப்பட்ட பேரு இங்க இருக்கறாங்கல்ல, அவுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா பேசறதுக்கு இந்தி தெரிஞ்ச ஆளு வேணும்னு தேடிட்டு இருந்தாங்களாம். அதே ஓட்டை இந்தி! முன்னால டேபிள் போட்டு உக்கார வெச்சுட்டாங்க. அதானுங்க மீள்திறன். என்ற கிளாஸ்ல கத்துக்கிட்டதுதான அது? வாஷரு நான் காட்டுனதுதான? ஒரு வார்த்தை என்னையப் பத்தி நன்றியாச் சொல்லிருக்குமுங்களா? சொல்லாது.

நேத்து அந்தப் போன் வந்ததும் வாசல்ல போயி நின்னுக்கிட்டு மரகதமணியத்தான் போன்ல கூப்புட்டேன். வேற யாரக் கூப்புடறது? எடம் மாறுனவன் எவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்களே. நான் அங்கயே இருந்துட்டேன். "அம்மிணி, நல்லா இருக்கறயா, உங்க ஆஸ்பத்திரில ஹெச்.ஆர்.ல எதாச்சும் எடம் இருந்தா சித்த கேட்டுச் சொல்லு, எனக்கில்ல, தெரிஞ்ச பையன் ஒருத்தன்"னேன். அப்புறம் நெதானமாச் சொல்லுச்சு.

"பாக்கலாங்க சார்."

எந்தப் பாக்கலாமுன்னு தெரியலீங்க தம்பி. ராத்திரி பூராவும் அதத்தான் பெரட்டிப் பெரட்டிப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன். அந்தப் பொண்ணுக்கு என்ற மாதரப் பேசத் தெரியாது, மனசுல இருக்கறதுதான் வாயில வரும். அப்படின்னா நெசமாவே பாக்கும். ஆனா எங்கிட்டத்தான பதினாலு வருசம் வேலை பாத்துது? அங்க கத்துக்கிட்டிருந்துதுன்னா?

அட, சிக்னல் உழுந்துருச்சே. இவன் போட்டான்னா லேசுல உட மாட்டானே. மணி பத்தாகப் போகுது. வேர்க்குது எனக்கு. காத்தே வர்லயா? ஜன்னல் தொறந்துதான் இருக்குதா. சரி. சாஃப்ட்வேர் மாத்தறதுக்காத்தான் இருக்கும். இல்லாட்டி அவுங்க மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருப்பாங்கல்ல? இத்தன வருசம் இருந்த ஆளுகிட்ட நேராச் சொல்ல மாட்டாங்களா? சொல்லோணுமல்லங்க, மனுசன்னு இருந்தா? ஏதோ ஒரு வார்த்தை, இப்படி இப்படி சென்னியப்பன், வேற எடம் பாத்துக்கன்னு? நான் பாத்துக்க மாட்டனா? இப்படிப் பைய மடில வெச்சுக்கிட்டு வெசனத்துல சாகறதுக்கு, அதச் சொல்லிட்டாத் தேவலயல்ல?

கணபதியா? வந்துருச்சா? எறங்கோணும், எறங்கோணும், கண்டக்டரே ஒரு ஆளு இருக்குது! கால சித்த மடக்கிக்கங்க தம்பி.

வர்றனுங்க.

என்னங்க, தலைய ஆட்டறீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கு ஊட்டுலயும் யாரும் சொல்லல. சும்மா வாய்வார்த்தைதானுங்க, உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க. இருப்பா, விசில் அடிக்காத, எறங்கறேன்!

ஆல் தி பெஸ்ட்டா?

அது வேண்டாமுங்க தம்பி. அது வேண்டாம். தமிழ்ல சொல்லுங்க.